ஊற்றைக் கெடுத்தவள்

முழங்கை வரை உள்ளே விட்டால் எலும்பே வலிக்கும், அவ்வளவு குளிர்ந்த தண்ணீர். இலங்கையில் தெஹியோவிட்டவுக்கு மேலே, எங்கள் இறப்பர்த் தோட்டத்தில் தொழிலாளர் வரிசைவீடுகளான லயத்தின் பின்புறம் பாறையடியில் இருந்த அந்த ஊற்றில், மணல் கொதிப்பதுபோல் ஓயாமல் துள்ளிக்கொண்டிருக்கும். பள்ளிக்கூடம் விட்டதும் குப்புறப் படுத்துக்கொண்டு, அடியில் கிடக்கும் இலையின் நரம்பையும், குடல்வரை தெரியும் சின்ன இறாலையும் பார்த்துக்கொண்டே கிடப்பேன்.

இத்தனை தண்ணீரும் எங்கிருந்துதான் வருகிறது என்று பார்த்துவிட வேண்டுமென்ற கிறுக்கு பத்து வயதில் எனக்குப் பிடித்தது. அப்பாவின் அலவாங்கை, அந்தக் கனத்த கடப்பாரையை, தூக்க மாட்டாமல் இழுத்துக்கொண்டு போய், பாறைக்கடியில் இருந்த தட்டைக் கல்லை நெம்பிப் புரட்டினேன். மணல் அப்படியே உள்ளே இறங்கியது. தண்ணீரும் ஒரு சுழி சுழித்து அதன் பின்னாலேயே போய்விட்டது. மண்ணை அள்ளி அள்ளிப் போட்டுப் பார்த்தேன், நிற்கவில்லை. அலவாங்கைத் துடைத்து இருந்த இடத்தில் வைத்துவிட்டு, ஒன்றும் அறியாதவள்போல் வீட்டில் உட்கார்ந்துகொண்டேன்.

மறுநாள் லயமே வெறுங்குடத்தோடு நின்றது. மாதவிலக்கான பெண்கள் ஊற்றுப் பக்கம் போகக்கூடாது என்பது அங்கே கட்டுப்பாடு. "வீட்டுக்குத் தூரமானவ யாரோ ஊத்துல கால வச்சிருக்கா" என்றார் கோயில் பூசாரி. எல்லோரும் லயத்தின் கடைசி "காம்பரா" வீட்டுக்குப் புதிதாக வாழ்க்கைப்பட்டு வந்திருந்த மரகதம் அக்காவைப் பார்த்தார்கள். "சாமி சத்தியமா நான் போகலைங்க" என்று அவள் அழுதாள். தினமும் எனக்குத் தலைவாரிப் பின்னிவிட்டவள் அவள். நானோ அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறக்காமல் நின்றேன். அடிக்குப் பயந்த கோழை நான். அந்த மாதமே அவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். திரும்ப அழைக்கவே இல்லை.

இன்று அங்கே காய்ந்த பாறைதான் இருக்கிறது. குழாயில் தண்ணீர் வராத நாட்களில் தண்ணீர் லொறியான பவுசர் வருகிறது. போன மாதம் பவுசருக்காக வாளியோடு வரிசையில் நின்ற அம்மா, "அந்தப் பாவி கால் பட்டுத்தான் ஊத்துப் போச்சு" என்றார். அதற்குமேல் தாங்க முடியாமல், கல்லையும் அலவாங்கையும் ஒன்றுவிடாமல் எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

அம்மா சிரித்துவிட்டார்.

"பத்து வயசுப் புள்ளைக்கு ஊத்த நிறுத்துற பலம் ஏது? ஒனக்குச் சின்னதுலேருந்தே எளகுன மனசு. அதான் அவ பழிய நீ ஏத்துக்கப் பாக்குற."

வரிசையில் நின்ற பெண்களெல்லாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.