கடைசிக் குப்பி

பாண்டியில் மில் மூடிய பிறகு எனக்கு ஒரு ஆராய்ச்சிக் கூடத்தில் அட்டெண்டர் வேலை கிடைத்தது. கண்ணாடிச் சாமான் கழுவுவேன். குளிர்த் தொட்டிக்குத் திரவ நைட்ரஜன் ஊற்றுவேன். சோதனை முடிந்த கழிவை, பெரிய பிரஷர் குக்கர் மாதிரி இருக்கும் ஆட்டோகிளேவில் வைத்து வேகவைப்பேன்.

இங்கே சோதிப்பது ரத்தத்தில் இருக்கும் வெள்ளை அணுக்களை. உடம்பில் நோயோடு சண்டை போடுவது அதுதான். புற்றுநோய்க் கட்டியைப் பார்த்தால் மட்டும் சும்மா இருந்துவிடுகிறதாம். அதை எப்படி உசுப்பிவிடுவது என்று பார்க்கிறார்கள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரிக்கு அந்த நோய் வந்தது. கட்டியை எடுத்தபோது, ஆராய்ச்சிக்கு அதில் கொஞ்சமும் ரத்தம் கொஞ்சமும் கொடுக்கிறாயா என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். அது எங்கள் கூடத்துக்குத்தான் வரும் என்று தெரிந்ததும் அவளுக்குச் சிரிப்பு.

"இத்தினி வருஷமா அங்க பாட்டில் கழுவுற. ஒரு நாளு என்ன உள்ள கூட்டினு போயி காட்டுனியா? இப்ப பாரு, உன்னக் கேக்காமயே நான் போறேன்."

"கண்டவங்கள எல்லாம் உள்ள உட மாட்டாங்க."

"நான் கண்டவளா? சரி, உன் மேடத்தாண்ட சொல்லி நல்ல எடமா பாத்து வைக்கச் சொல்லு."

மேடம் என்றது அந்தச் சோதனையைச் செய்யும் பெண்ணை. என் மகள் வயதுதான். ரத்தத்தைச் சுற்றவைத்து, வெள்ளை அணுவை மட்டும் பிரித்து, சுண்டுவிரல் அளவு குப்பிகளில் போட்டு உறைய வைத்தார். குப்பியில் பெயர் இருக்காது. எது யாருடையது என்று எனக்குத் தெரியவும் கூடாது. ஆனால் அன்று வந்தது அவள் ரத்தம் ஒன்றுதான் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். குப்பிகளைத் தொட்டியில் இறக்கியபோது மூடியைத் தூக்கிப் பிடித்தவன் நான்.

அவள் போய்விட்டாள். சாம்பலைக் கடலில் கரைத்தாயிற்று. புடவைகளை மகள் எடுத்துக்கொண்டாள். தொட்டியில் மட்டும் அவள் இருந்தாள். உறைந்தது சாவு இல்லை, தூக்கம் மாதிரி என்று மேடம் யாரிடமோ சொன்னதைக் கேட்டிருக்கிறேன். நைட்ரஜன் ஊற்றினால் வெள்ளையாகப் புகை எழும்பும். அது அடங்கும்வரை பக்கத்தில் நிற்பேன். எதுவும் பேச மாட்டேன். வீட்டிலும் அப்படித்தான். அவள் பேசுவாள், நான் சாப்பிடுவேன்.

ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு குப்பி போனது. ஆயுத பூஜை நெருங்கும்போது மேடம் என்னிடம் வந்து நின்றார்.

"அண்ணா, அக்காவோடது ஒண்ணுதான் மிச்சம். புது மருந்து ஒண்ணு வந்திருக்கு. அதுல போட்டுப் பாக்கணும்."

"போட்டா?"

"தீந்துடும்."

விதிப்படி என்னைக் கேட்க வேண்டியதில்லை. அவளே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. இருந்தும் கேட்டார்.

"கொஞ்சூண்டு நிறுத்திக்க முடியாதா மேடம்?"

"ஒரு தடவ உருக்கிட்டு திரும்ப ஒறைய வெச்சா நெறைய செத்துடும்ண்ணா. வேணாம்னா சொல்லுங்க. நான் லேப் பெரியவராண்ட பேசிக்கறேன்."

"எப்ப போடணும்?"

"ஆயுத பூஜ அன்னிக்கு உருக்கணும். தட்டுல வளக்குற கட்டி செல்லு அதுக்குத்தான் ரெடியாவுது. தள்ளிப்போட்டா அதிகமா வளந்து நெருக்கிக்கும்."

ஆயுத பூஜையன்று மெஷினை ஓட்ட மாட்டோம். மில்லில் அந்த ஒரு நாள்தான் வீட்டு ஆட்களை உள்ளே விடுவார்கள். கல்யாணமான வருஷம் அவள் வந்தாள். என் தறிக்குப் பொட்டு வைத்துவிட்டு, "இதுதான் உன்ன பகலெல்லாம் புடிச்சி வச்சிக்கிறதா" என்று அதை ஒரு தட்டு தட்டினாள். இங்கேயும் பூஜை உண்டு. மைக்ராஸ்கோப், சுற்றும் மெஷின், தொட்டி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பது நான்தான்.

"அன்னிக்கு மெஷினு ஓடக் கூடாதே" என்றேன்.

மேடம் காலண்டரைப் பார்த்தார். "காலைல உருக்கிக் கழுவறதோட சரி. ஒறஞ்சி எழுந்த செல்ல ஒடனே வேல வாங்க மாட்டோம்ண்ணா. ஒரு நாளு சும்மா உட்டுடுவோம். சண்டைக்கு உடறது மறுநாள்தான்."

மறுநாள் விஜயதசமி. சரி என்றேன்.

மற்றவர்கள் பூஜைக்கு மதியம்தான் வருவார்கள். காலையில் நாங்கள் இருவர். அவர் வேலை முடியட்டும் என்று பொட்டு வைப்பதைத் தள்ளிப்போட்டேன். குப்பியை வெதுவெதுப்பான தண்ணீரில் ஆட்டினார். ஐஸ் கரைந்து ஒரு பொட்டாகும்போது எடுத்துக் கழுவினார். துளி எடுத்து நீலச் சாயம் கலந்தார். செத்த அணுவில் மட்டும் சாயம் ஏறும். உயிருள்ளது அதை உள்ளே விடாது.

"பாருங்கண்ணா."

உட்கார்ந்து கண்ணை வைத்தேன். பளிச்சென்று உருண்டைகள். அங்கங்கே ஒரு நீலம்.

"இதுல எது மேடம்?"

"பளபளன்னு கீறது எல்லாம் அக்காதான். நல்லா எழுந்துட்டாங்க."

நான் எழுந்திருக்கவில்லை. அவருக்கு அந்த மைக்ராஸ்கோப் வேண்டும் என்று நினைவு வந்த பிறகுதான் எழுந்தேன். மிச்சத்தைத் தட்டில் விட்டு இன்குபேட்டரில் வைத்தார். எப்போதும் உடம்புச் சூடு இருக்கும் பெட்டி அது. முதல் பொட்டை அதன் கதவில் வைத்தேன்.

விஜயதசமியன்று காலை, மருந்தோடு அந்த அணுக்களைக் கட்டி செல் மேல் விட்டார். அந்தக் கட்டியும் அவளுடையதுதான். சாயங்காலம் கூப்பிட்டுக் காட்டினார். தட்டில் வரிசையாகச் சின்னக் குழிகள். மருந்து போடாத குழியில் அவளுடைய சின்ன உருண்டைகள் சும்மா கிடந்தன. மருந்து போட்ட குழியில் அவை பெரிய கட்டி செல்களை மொய்த்துக்கொண்டிருந்தன. பெரியவை சில ஊதி உடைந்திருந்தன.

"அடிக்கறாங்கண்ணா. பழைய மருந்துல இந்த அளவுக்கு இல்ல."

"அப்ப இது அவ உசுரோட இருக்கச் சொல்லவே கெடச்சிருந்தா?"



"தெரியலண்ணா. தட்டுல நடந்தா ஒடம்புலயும் நடக்கும்னு சொல்ல முடியாது."

பொய்யாக ஆறுதல் சொல்லவில்லை. அதனால் அவர்மேல் எனக்கு மரியாதை.

கணக்கெடுத்து முடித்ததும் தட்டு கழிவுப் பைக்குப் போனது. பையை அவரே கையில் எடுத்துக்கொண்டார்.

"நான் வெச்சிக்கறேன். நீங்க கெளம்புங்கண்ணா."

"குடுங்க மேடம்."

கொடுத்தார். ஆட்டோகிளேவில் வைத்து மூடியை இறுக்கினேன். முள் ஏறியது. அது ஓடும்போது டீ குடிக்கப் போவது வழக்கம். அன்று போகவில்லை. ஆவி இறங்கிய பிறகு திறந்து, பையை எடுத்து வெளியே வைத்தேன். அப்படியே வீட்டுக்குப் போகக் கூடாது என்று தோன்றியது. பின்பக்கக் குழாயடியில் சட்டையோடு உட்கார்ந்து தலைக்கு ஊற்றிக்கொண்டேன்.

மூலக்குளம் பஸ்ஸில் உட்காராமல் நின்றே வந்தேன். மகள் கதவைத் திறந்தாள்.

"இன்னாப்பா இது, மழையா? இங்க ஒரு சொட்டு இல்லியே."

"அந்தப் பக்கம் பேஞ்சிது" என்றேன்.

துண்டு எடுக்க உள்ளே போனாள்.