டயல் மங்கியிருக்கிறது என்று சொன்னேன்

புதுக்கோட்டையில் எனக்கு ஒரு சின்ன மூக்குக்கண்ணாடிக் கடை இருக்கிறது. ஒவ்வொரு பிரேமிலும் விலைச்சீட்டு ஒட்டி வைத்திருப்பேன். பேரம் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும், எழுதித்தானே இருக்கிறது என்று முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஊரில் எனக்கு நல்ல பெயர் இருப்பது அதனால்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனிமேல் சொல்லப்போவது அந்தப் பெயருக்குப் பொருந்தாது.

பழைய கைக்கடிகாரம் சேர்ப்பது எனக்குப் பதினைந்து வருடப் பைத்தியம். சாவி கொடுத்து ஓடுகிற வாட்ச் மட்டும்தான். பேட்டரி போட்டதைத் தொடமாட்டேன். என்னைப் போன்ற பைத்தியங்கள் சேர்ந்து ஒரு வாட்ஸப் குழு வைத்திருக்கிறோம். நானும் சென்னைக்காரர் ஒருவரும் அதற்கு அட்மின். விற்க நினைக்கிறவர் படம் போட்டு, கீழே 'விலை இன்பாக்ஸில்' என்று எழுதுவார். வேண்டியவர் தனியாகப் போய்க் கேட்டுக்கொள்வார். விற்றுவிட்டால் 'போயிருச்சு' என்று ஒரே ஒரு வார்த்தை வரும். எவ்வளவுக்குப் போனது என்று யாரும் கேட்கக் கூடாது. ஒருமுறை கேட்டால் கண்டிப்போம், மறுமுறை கேட்டால் குழுவிலிருந்து நீக்கிவிடுவோம். சந்தையில் மாட்டுத் தரகர்கள் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்த்து நான் சின்ன வயதில் சிரித்திருக்கிறேன். எங்கள் இன்பாக்ஸும் அந்தத் துண்டுதான், கொஞ்சம் வெளுத்த துண்டு.

அந்த விதியை எழுதியவன் நான். விலையைப் பொதுவில் பேசினால் சண்டை வரும் என்று காரணம் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள். உண்மை என்னவென்றால், விலை தெரிந்த எங்களில் பத்துப் பேருக்கு, விலை தெரியாத மற்ற எல்லாரும் தேவைப்பட்டார்கள்.

போன மாசி மாதம் ஒரு நாள் கடையைத் திறந்து ஊதுவத்தி கொளுத்திக்கொண்டிருந்தேன். குழுவில் ஒரு படம் வந்து விழுந்தது. புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் போட்டிருந்தார். எங்கள் வட்டாரத்தில் நான் நேரில் பார்த்தே இராத ஒரு சுவிஸ் வாட்ச். ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்த டயல், வயதாகி நெய் நிறத்துக்கு வந்திருந்தது. ஓரமாகப் பழுப்புப் பொட்டுகள். அந்த நிறத்துக்கும் அந்தப் பொட்டுகளுக்கும்தான் எங்கள் ஆட்கள் உயிரை விடுவார்கள். நாற்பத்தைந்தாயிரத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு போகும். படத்துக்குக் கீழே அந்தப் பெண் எழுதியிருந்தார்: 'இது எங்க மாமனார் வாட்ச். என்ன விலைக்குப் போகும், தெரிஞ்சவங்க சொல்லுங்க.'

என் கை முந்திக்கொண்டது. பதிவை அழித்தேன். விதிப்படிதான் அழித்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த நிமிடம் அவருடைய இன்பாக்ஸில் இருந்தேன்.

அவர் அரிமளம் பக்கத்துக்காரர். எழுதுவதற்குப் பதிலாகக் குரலில் பேசி அனுப்பினார். கணவருக்கு சவுதியில் நாலு மாதமாகச் சம்பளம் வரவில்லை. கொல்லையில் நிலக்கடலை விழுது மண்ணில் இறங்கித் தண்ணீர் கேட்கிற நேரத்தில் போர்க்கிணற்று மோட்டாரின் காயில் கருகிவிட்டது. மோட்டாரை மேலே தூக்கி காயில் சுற்றி இறக்கப் பன்னிரண்டாயிரம் கேட்கிறார்கள். நகை ஏற்கெனவே அடகில் இருக்கிறது. மாமனார் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் வேலை பார்த்தபோது வாங்கிய வாட்ச் பீரோவில் சும்மா கிடக்கிறது, அது போனால் பயிர் பிழைத்துக்கொள்ளும் என்றார். இவ்வளவையும் முன்பின் தெரியாத என்னிடம் சொன்னார்.

இத்தனையும் கேட்ட பிறகுதான் நான் அந்தப் பொய்யைச் சொன்னேன். தெரியாமல் சொன்னேன் என்று தப்பிக்க எனக்கு வழியே இல்லை.

வாட்ச் நல்ல வாட்ச்தான், ஆனால் டயல் மங்கிப் பொட்டு விழுந்துவிட்டது, டயல் கெட்டால் விலையே கிடையாது, மூவாயிரம் போனால் பெரிது என்று எழுதினேன். பொருளில் குறை சொல்லாமல் வாங்குகிறவன் எங்கள் கூட்டத்தில் கிடையாது. குறை என்று எதுவுமே இல்லாதபோது அதன் அழகையே குறையாகச் சொல்வோம். பிறகு பெருந்தன்மையாக ஐந்நூறு கூட்டினேன். அவர் கொஞ்ச நேரம் கழித்து, ஒரு வாரம் பொறுங்கண்ணே, நானே புதுக்கோட்டைக்குக் கொண்டுவாரேன் என்றார். எதற்கு ஒரு வாரம் என்று நான் கேட்கவில்லை. வேறு யாரிடமாவது விலை கேட்டுவிடுவாரோ என்ற பயம்தான் எனக்கு அந்த வாரம் முழுக்க இருந்தது. கொல்லையில் கடலை காய்ந்துகொண்டிருக்கும் என்ற நினைப்பு ஒருதரம்கூட வரவில்லை.

எட்டாம் நாள் மத்தியானம் வந்தார். நாற்பது வயதிருக்கும். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, மஞ்சள் பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்துப் பிரித்தார்.

டயல் பளீரென்று வெள்ளையாக இருந்தது.

எனக்கு முதலில் புரியவில்லை. வேறு வாட்ச்சோ என்று திருப்பிப் பார்த்தேன். அதே வாட்ச்தான். டயலை மட்டும் மொத்தமாகச் சுரண்டி, புதிதாகப் பெயிண்ட் அடித்து, எழுத்துகளைக் கருகருவென்று அச்சடித்திருந்தார்கள். ஒன்றிரண்டு எழுத்து கோணல். ஐம்பது வருடம் சேர்த்து வைத்த நிறம் போய்விட்டது, இனி யார் நினைத்தாலும் வராது.

அவர் சந்தோஷமாகத்தான் சொன்னார். "டயலுக்காகத்தானேண்ணே வெலையக் கொறச்சீங்க. வாட்ச் ரிப்பேர்க் கடையில குடுத்து மதுரைக்கு அனுப்பிப் புதுசாக்கிட்டேன். எண்ணூறு ரூவா ஆச்சு, கடன் வாங்கித்தான் குடுத்தேன். இப்பக் கொஞ்சம் கூடப் போகுமாங்க?"

லென்ஸைக் கண்ணில் வைத்துக்கொண்டு வாட்ச்சை ரொம்ப நேரம் பார்ப்பதுபோல் பாவனை செய்தேன். அவர் முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்கு அந்த லென்ஸ் வசதியாக இருந்தது. கடன் வாங்கிய எண்ணூறு ரூபாய்க்குத் தன் சொத்தில் முக்கால்வாசியை அழித்துவிட்டு, அந்தப் பெண் என் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வருமா என்று நின்றுகொண்டிருந்தார். அவர் செய்ததில் ஒரு தப்பும் கிடையாது. நான் சொன்னதை நம்பினார், அவ்வளவுதான்.

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆமாம், இப்போது கூடப் போகும் என்றேன். கல்லாவில் இருந்ததையும் பக்கத்துக் கடையில் கைமாற்றாக வாங்கியதையும் சேர்த்துப் பன்னிரண்டாயிரத்தை எடுத்துக் கொடுத்தேன். அவர் கண் கலங்கிவிட்டார். நீங்க நல்லா இருக்கணும் என்று இரண்டு தரம் சொல்லிவிட்டுப் போனார். மோட்டாருக்கு வேண்டியதைக் கொடுத்துவிட்டோம், கணக்கு நேராகிவிட்டது என்று நான் அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டேன். அந்தச் சாப்பாட்டை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பதினைந்து நாள் கழித்து அவரே போன் செய்தார். மோட்டார் ஓடுகிறதாம். மேற்கால் இருந்த பாத்திகள் அதற்குள் கருகிவிட்டன, பாதிதான் தேறும், அதுவாவது உங்களால் தேறியது என்றார். நான் ஏதோ முனகினேன். பிறகுதான் விஷயத்துக்கு வந்தார். அவருடைய மாமனாரோடு சிங்கப்பூருக்குப் போன இன்னொருவர் அதே கடையில் அதே மாதிரி வாட்ச் ஒன்றை வாங்கியிருக்கிறார். அவர் வீட்டிலும் அதை விற்க வேண்டுமாம்.

"உங்ககிட்டதான் போகச் சொல்லியிருக்கேன்ணே. அவரு சொல்ற வரைக்கும் காத்திருக்க வேணாம், மொதல்லயே டயல மாத்திட்டுப் போங்க, அப்பத்தான் நல்ல வெலை கெடைக்கும்னு சொல்லிட்டேன். நாளைக்கு மதுரைக்கு அனுப்புறாக."

கடையில் கண் சோதிக்க ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவரை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தேன். மாற்றச் சொல்லாதீர்கள், டயலைத் தொடவே வேண்டாம் என்று சொல்லுங்கள் என்றேன்.

ஏன் என்று கேட்டார். கேட்கத்தானே செய்வார்.

நடுத்தெருவில் நின்றுகொண்டு சொன்னேன். பழைய டயலோடு இருந்தால் நாற்பத்தைந்தாயிரம் போகும் என்றேன். மாற்றிவிட்டால் பத்தாயிரம்கூடத் தேறாது என்றேன்.

"இது அன்னைக்கே ஒங்களுக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன். மிச்சப் பணத்தை நாளைக்கே கொண்டுவந்து தருகிறேன், என்னை மன்னித்துவிடுங்கள் என்று என்னென்னவோ உளறினேன். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"நான் ஒங்களுக்கு வித்தது பெயிண்ட் அடிச்ச வாட்ச்தான் சார். அதுக்குக் கூடத்தான் குடுத்திருக்கீங்க. அது போகட்டும். அன்னைக்கு நான் குழுவுல ஒண்ணு கேட்டேன்ல, அதுக்குப் பதில் மட்டும் அங்க போடுங்க. எல்லாரும் பாக்கட்டும்."

அண்ணே போய் சார் ஆகியிருந்ததை அப்போதே கவனித்தேன். அவர் போனை வைத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் குழுவில் எழுதினேன். வாட்ச்சின் படத்தைப் போட்டு, பழைய டயல் என்றால் எவ்வளவு, மாற்றிய டயல் என்றால் எவ்வளவு என்று இரண்டு வரி. சென்னை அட்மின் உடனே இன்பாக்ஸில் வந்து, என்ன ஆச்சு உங்களுக்கு என்று கேட்டார். இன்னும் சிலர் கோபித்துக்கொண்டு வெளியேறினார்கள். விலையை எழுதினேனே தவிர, அது எனக்கு எப்போதிலிருந்து தெரியும் என்பதை எழுத எனக்குத் தைரியம் வரவில்லை.

அடுத்த வாரம் அந்த இன்னொரு வாட்ச் குழுவிலேயே வந்தது. நெய் நிற டயல், அதே பழுப்புப் பொட்டுகள். மூன்று பேர் எல்லாரும் பார்க்கவே போட்டி போட்டுக் கேட்டார்கள். நாற்பத்தெட்டாயிரத்துக்குப் போனது. 'போயிருச்சு' என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் முதல் தடவையாக ஒரு தொகை இருந்தது. நான் நல்லது செய்துவிட்டதாக இரண்டு மூன்று பேர் பாராட்டினார்கள்.

பிறகு போன வாரம் நான் போட்ட விலைப் பதிவை அழுத்திப் பிடித்து, யார் யார் படித்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். அந்தப் பெண்ணின் எண் அதில் இருந்தது. நான் பதிவு போட்ட அதே நிமிடத்தில் படித்திருக்கிறார்.