மண்டபம் ஒன்பது மணிக்குப் பூட்டப்படும்

எண்பதுகளில் இலண்டனில் முடிக்காகக் காத்திருந்த இளவரசர்கள் இரண்டு பேர். ஒருவர் மகாராணியின் மூத்த மகன்; அவரைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதித் தள்ளின. மற்றவர் யேசுரட்ணம். வால்தம்ஸ்டோவில் வீடு, பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட். இவரைப் பற்றி நான்தான் எழுத வேண்டியிருக்கிறது.

யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்க ஊர்களில் நாட்டுக்கூத்து விடிய விடிய நடக்கும். நல்ல பாட்டென்றால் சனம் "இன்னொருக்கால்!" என்று கத்தும், திரும்பப் பாடியே ஆகவேண்டும். கோழி கூவுகிற நேரத்தில் கிழராசா செத்து, இளவரசனுக்கு முடிசூட்டு. அந்தக் கூத்தை எங்கள் ஆட்கள் அப்படியே வால்தம்ஸ்டோ மண்டபம் ஒன்றுக்குள் இறக்கினார்கள். அந்த மண்டபம் ஒன்பது மணிக்குப் பூட்டு. காவல்கார வெள்ளைக்காரர் ஒரு நிமிடமும் பொறுக்கமாட்டார், லைட்டை நிற்பாட்டிவிடுவார்.

ராசா, சவிரிமுத்து அண்ணை. அருமையான குரல். பிரச்சினையே அதுதான். ஒவ்வொரு வருடமும் ஒன்பது மணிக்கு அவர் அரசவையில் உயிரோடு பாடிக்கொண்டிருப்பார். இளவரசர் யேசுரட்ணம் சரிகைச் சட்டையோடு பின்கதவடியில் மேலும் கீழும் நடந்துகொண்டிருப்பார். லைட் போய்விடும். வருடமும் போய்விடும்.

"அண்ணை, இந்தமுறை எண்டாலும் கொஞ்சம் வெள்ளெனச் சாவுங்கோவன்."

"அடேய், சனம் விட்டால்தானே? நான் சாகமாட்டன் எண்டே அடம்பிடிக்கிறன்?"

முதல் வருடங்களில் யேசுரட்ணம் மைப்பென்சிலால் மீசையைத் தடிப்பாக்கினார். பிறகு அதே பென்சிலால் நரையை மறைத்தார். சட்டைப் பொத்தான்களைத் தள்ளித் தைத்துத் தைத்து மனைவி டொலறசுக்குக் களைத்துவிட்டது.

"உங்கடை ராசா சாகேக்கை நீங்கள் பென்சன் எடுத்துக்கொண்டு இருப்பியள்."

தொண்ணூறுகளில் இரண்டு இளவரசர்களுக்கும் ஒரே கதை கிளம்பியது: இவரை விட்டுப்போட்டு அடுத்த தலைமுறைக்குக் கொடுத்தால் என்ன? கூத்துப் பழக்குகிற அண்ணாவியாரே கேட்டுவிட்டார். யேசுரட்ணம் அன்றைக்குச் சாப்பிடவில்லை. அடுத்த நாள் நேரே சவிரிமுத்து அண்ணை வீட்டுக்குப் போனார்.

"ஒருக்கால், ஒரேயொருக்கால் அந்த முடியை வைச்சுப் பாடவேணும் அண்ணை. பிறகு ஆரும் நடிக்கட்டும்."

கிழவருக்கும் முழங்கால் ஏலாமல் வந்திருந்தது. மனம் இரங்கினார்.

"அந்தோனியாராணை, எட்டரைக்குச் சாவன்."

செத்தார். சொன்ன நேரத்துக்கே, மரணப்பாட்டை உருகிப் பாடி, மேடையில் சரிந்தார். மண்டபமே மூக்கை உறிஞ்சியது. அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்:

"இன்னொருக்கால்!"

பிணம் எழும்பியது. முழுப்பாட்டையும் பாடியது. திரும்பச் செத்தது. மணி ஒன்பதாகப் போனது.

"இன்னொருக்கால்!"

பிணம் முழங்கையை ஊன்றியதுதான் தாமதம், இளவரசர் பாய்ந்துபோய் நெஞ்சில் கைவைத்து அமத்தினார்.

"படுங்கோ அண்ணை! ரெண்டுதரம் செத்தது காணும்!"

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. முடிசூட்ட வேண்டிய மந்திரியும் சிரித்துக்கொண்டு நின்றார். அவரைப் பார்த்துக்கொண்டு நிற்க நேரமில்லை. யேசுரட்ணம் ராசாவின் தலையிலிருந்த முடியைக் கழற்றித் தானே வைத்துக்கொண்டார். சிம்மாசனத்தில் ஏறி இருந்தார். வாயைத் திறந்தார்.

லைட் போனது.

கும்மிருட்டு. கதிரைகள் கிறீச்சிட்டன. யேசுரட்ணம் பாடத் தொடங்கினார். மத்தளக்காரருக்கு மத்தளத்தைக் காணவில்லை. இரண்டாவது வரிக்குப் பிற்பாட்டு எழுந்தது, தரையிலிருந்து. செத்த ராசா படுத்தபடியே பாடினார். எழும்பிய சனம் திரும்பக் கதிரைகளில் இருந்தது. பாட்டு முடிந்ததும் இருட்டுக்குள் ஒரு பெண்குரல், "இன்னொருக்கால்!" என்றது. பொத்தான் தைத்தவரின் குரல்தான்.

அன்று வீடியோவும் எடுத்தார்கள். இப்போது யார் வீட்டுக்கு வந்தாலும், தேத்தண்ணி குடித்து முடிய யேசுரட்ணம் கசெற்றை அந்தப் பாட்டுக்கு ஓட்டிப் போடுகிறார். திரை முழுக்கக் கறுப்பு. பாட்டு மட்டும் கேட்கும். அவர் எழும்பிப் போய்க் கறுப்பின் நடுவில் விரலை வைப்பார்.

"இதிலைதான் நான். தலையிலை முடி இருக்கு. தெரியுதோ?"

"ஓம், ஓம். வடிவாத் தெரியுது," என்கிறோம், எங்கள் கோட்டுகளைத் தேடிக்கொண்டே.

"அப்ப இன்னொருக்கால் போடட்டே?"