கிளியர் என்று சொன்னவன்

பேய்க் கதை சொல்கிறவனைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நாலு பேர் வாயைப் பிளக்க வேண்டும் என்று அளந்துவிடுகிற கூட்டம் என்று எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன். இப்போது நானே எழுதுகிறேன். நம்பாதவர்கள் நேரில் வந்து என் இடது தாடையைத் தொட்டுப் பார்க்கலாம். உள்ளே ஒரு தகடும் நாலு திருகும் இருக்கின்றன. நடந்தது நள்ளிரவிலும் இல்லை. பட்டப்பகல், மணி 1.42.

நான் விமான மெக்கானிக். இருபத்தொரு வருட சர்வீஸ். ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியில், விமானங்களை நிறுத்திப் பழுதுபார்க்கிற பெரிய ஹேங்கரில் வேலை. கூட வேலை பார்த்தவன் என் மனைவியின் தம்பி. வீட்டுக்கு வந்தால் என் நாற்காலியைப் பிடித்துக்கொள்வான், ஹேங்கரில் என் ஸ்பேனரைப் பிடித்துக்கொள்வான். மற்றபடி தங்கமான ஆள். போன மாதம்தான் அவனுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. அவனைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லி என் மனைவி தினமும் காதில் ஓதித்தான் அனுப்புவாள்.

எங்கள் தொழிலில் பாதுகாப்பு விதிகள் கொஞ்சநஞ்சமல்ல. அதில் ஒன்று சின்னக் குழந்தைக்கும் புரியும். என்ஜினை ஸ்டார்ட் செய்யும் முன் விமானி ஜன்னலைத் திறந்து, "ப்ராப் கிளியரா?" என்று கேட்க வேண்டும். ப்ராப் என்பது மூக்கில் சுற்றுகிற புரொப்பெல்லர். வெளியே நிற்பவன், அதன் பக்கத்தில் யாரும் இல்லை என்று கண்ணால் பார்த்துவிட்டு, "கிளியர்" என்று பதில் சொல்ல வேண்டும். பதில் வராமல் சாவியைத் திருப்பக் கூடாது. இந்தக் கேள்வி ஒரு நாளைக்கு நாற்பது தடவை வரும். நாற்பது தடவையும் தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தால் வேலை எப்போது ஓடும்? என் வாய் தன் பாட்டுக்குப் பதில் சொல்லிவிடும். இருபத்தொரு வருடமாக அப்படித்தான்.

அன்று எங்களிடம் வந்திருந்தது ஒரு பழைய விமானம். நாலு பேர் உட்காருவது. எங்கோ தூரத்தில் வேறு ஒரு பள்ளியில் ஓடிக்கொண்டிருந்ததை எங்கள் மேனேஜர் வாங்கியிருந்தார்.

காலை 9.10. இடது பக்கம் விமானி உட்காரும் சீட்டைப் பின்னால் தள்ளிவிட்டு டீ குடிக்கப் போனேன். வந்து பார்த்தால் சீட் முன்னால் வந்திருந்தது. பெல்ட் வேறு பூட்டியிருந்தது. மச்சினனைக் கேட்டேன். தான் அந்தப் பக்கமே போகவில்லை என்றான்.

11.25. இடது ஜன்னலின் உள்பக்கம், முகத்தை ஒட்டி வைத்து மூச்சுவிட்டதுபோல ஆவி படிந்திருந்தது. வெயில் கொளுத்துகிற நேரம். துணியால் துடைத்தேன். திரும்பிப் பார்த்தேன். மறுபடி இருந்தது.

12.30. பேட்டரியைக் கழற்றி மேஜையில் வைத்தோம். சாவி மச்சினனின் சட்டைப் பையில். சாவியும் இல்லை, பேட்டரியும் இல்லை என்றால் விமானமும் தகர டப்பாவும் ஒன்றுதான்.

1.42. நான் பக்கத்து விமானத்தின் அடியில் படுத்துச் சக்கரம் மாற்றிக்கொண்டிருந்தேன். மச்சினன் அந்தப் பழைய விமானத்தின் ப்ராப் முன்னால் நின்று, அதன் ஓரத்தில் இருந்த சின்னப் பள்ளத்தை அரத்தால் ராவிக்கொண்டிருந்தான். கரக்… கரக்… கரக்…

டக். ஜன்னல் திறக்கிற சத்தம்.

"ப்ராப் கிளியரா?"

ஆண் குரல். நிதானமான குரல். நான் தலையைக்கூடத் தூக்கவில்லை.

"கிளியர், கிளியர்… எடுத்துத் தொலை."

அரத்தின் சத்தம் நின்றது.

"மாமா… யாருக்குச் சொன்னீங்க?"

அப்போதுதான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். ஹேங்கரில் எங்கள் இருவரைத் தவிர யாருமே இல்லை.

என்ஜின் பிடித்தது.

எலும்பு முறிகிற சத்தத்தை என்ஜின் சத்தத்தையும் மீறிக் கேட்டேன். மச்சினன் சுழன்றுபோய் விழுந்தான். தரையிலும் சுவரிலும் ஒரே கோடாக ரத்தம். சக்கரத்துக்கு வைத்திருந்த கட்டையைத் தாண்டி விமானம் குதித்தது. டூல்ஸ் வண்டியைக் கடித்துத் துப்பியது. ஸ்பேனர்கள் தகரச் சுவரைக் கிழித்துக்கொண்டு வெளியே பறந்தன.

அவன் கிடந்த இடத்தை நோக்கித்தான் அது போனது.

இறக்கையின் பின்பக்கமாக ஓடிக் கதவைத் திறந்தேன். சீட் காலி. பெட்ரோலை நிறுத்துகிற சிவப்புக் குமிழைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை.

உள்ளிருந்து யாரோ அதை அழுத்திப் பிடித்திருந்தார்கள்.

இரண்டு கையாலும் இழுத்தேன். நகம் பிய்ந்தது. வந்தது. என்ஜின் செத்தது. ப்ராப் மச்சினனின் தலைக்கு ஒரு முழத்தில் நின்றது.

நிசப்தம்…

தாடையில் அடி விழுந்தது.

மறுபடி அடி. மறுபடி. அதே இடத்தில். பல் தெறித்தது. எதிரே ஆளே இல்லை.

பெல்ட் கழுத்தைச் சுற்றியது. இறுகியது.

காதுக்குள் அதே குரல்.

"இன்னொரு தடவை சொல்லு."

மூச்சு இல்லை… எப்படிச் சொல்வது?

மச்சினன்தான் ஒற்றைக் கையால் என் காலைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டான்.

அவன் வலது கை முழங்கைக்குக் கீழே இப்போது இல்லை. குழந்தையை இடது கையால் தூக்கப் பழகிக்கொண்டிருக்கிறான். ப்ராப்பைக் கையால் அசைத்தபோது என்ஜின் தானாகப் பிடித்துக்கொண்டது என்று விசாரணையில் எழுதி முடித்தார்கள். என் தாடைக்குக் காரணம், கால் தடுக்கி விழுந்ததாம்.

ஐந்து வாரம் கழித்து மேனேஜர் அந்த விமானத்தின் பழைய ஃபைலை வரவழைத்தார். ஏழு வருடத்துக்கு முன் அந்தப் பழைய பள்ளியில் அதே விமானத்தின் ப்ராப் ஒரு மெக்கானிக்கை வெட்டிக் கொன்றிருக்கிறது. விதிப்படி கேட்டதாகவும், வெளியிலிருந்து பதில் வந்த பிறகே ஸ்டார்ட் செய்ததாகவும் விமானி சத்தியம் செய்திருக்கிறார். இறந்தவனைத் தவிர அங்கே யாருமே இல்லை என்பதால் ஒருவரும் நம்பவில்லை. சிறைக்கு அனுப்பிவிட்டார்கள். மறு வருடம் அங்கேயே இறந்துபோனார்.

அவருடைய வாக்குமூலம் ஒரே ஒரு பக்கம்.

பதில் சொன்னது யார் என்று அதிகாரி கேட்டிருக்கிறார். "தெரியாது. ஆண் குரல். கிளியர் என்று இரண்டு தடவை சொன்னது. பிறகு, எடுத்துத் தொலை என்று சலித்துக்கொண்டது."

அந்த ஊருக்கு நான் ஒரு தடவைகூடப் போனதில்லை.

அந்தக் குரலை அடையாளம் காட்ட முடியுமா என்று அதிகாரி கேட்டிருக்கிறார். விமானியின் பதில்தான் பக்கத்தின் கடைசி வரி.

"இன்னொரு தடவை கேட்டால் போதும்."