கச்சானில் ஆறிய குவியல்

சொறிக்கல்முனை விவசாயி ஒருவர் எங்கள் பசளை முற்றத்துக்குக் கத்தரி நாற்றுகளை ஏந்திக்கொண்டு வந்தார். எல்லாம் வேர் கருகிக் கிடந்தன. நான் பசளைக் குவியலுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன்.

கல்முனைப் பக்கத்துச் சந்தைகளின் மரக்கறி, மீன் கழிவுகளை மரத்தூளோடு குவித்துப் புரட்டிப் பசளையாக்குவது என் வேலை. குவியலின் நடுவில் இரும்புக் கம்பியைக் குத்தி, சற்று விட்டு, உருவிப் பிடிப்போம். சுட்டால் உள்ளே இன்னும் வேகிறது. குளிர்ந்திருந்தால் சலித்து மூட்டை கட்டலாம்.

அவருக்குக் கொடுத்த குவியலில் கம்பி குளிர்ந்துதான் வந்தது. ஆனால் அது கச்சான் என்னும் வறண்ட காற்று வீசிய நேரம். தண்ணீர்ப் பம்பும் பழுது. ஈரம் வற்றினால் குவியல் முதிராமலே ஆறிவிடும்; நனைந்தால் மறுபடி வேகும். எனக்கு அது தெரியும்.

"குளிந்திட்டுத்தானே காக்கா? ஏத்துங்க" என்று, எங்கள் முஸ்லிம் ஊர்களில் அண்ணனை அழைப்பதுபோல் என்னை அழைத்து, மேற்பார்வையாளர் சொன்னபோது தலையாட்டினேன். எதிர்த்துக் கதைக்க எனக்கு வராது.

"தண்ணி ஊத்தி ரெண்டாம் நாள் பாத்தி கொதிக்குது, சேர். நாத்தெல்லாம் அவிஞ்சிட்டு" என்று இப்போது மேற்பார்வையாளரிடம் சொன்னார் விவசாயி.

"அது வெயிலுக்கு அண்ணன். எங்கட பசளை ஒண்டும் செய்யாது" என்றார் அவர்.

"வெயில் மண்ணுக்குள்ள பூந்து வேரை அவிக்குமா? இனி எங்கட ஊரில ஒருத்தரும் இஞ்ச வரமாட்டாங்க."

எங்கள் மூட்டைகளில் பெரும்பகுதி அந்த ஊருக்குத்தான் போகிறது. நான் கிணற்றில் தண்ணீர் அள்ளி, அதே குவியலில் மீந்திருந்ததை நன்றாக நனைத்துச் சாக்கால் மூடினேன்.

"என்ன காக்கா செய்றீங்க?" என்றார் மேற்பார்வையாளர்.

விவசாயியைப் பார்த்து, "மூணு நாள் கழிச்சு வாங்க அண்ணன்" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

அவர் வந்தார். கம்பியைக் குத்தி, பொறுத்து, உருவி மேற்பார்வையாளரிடம் நீட்டினேன். பிடித்தவர் "அல்லாஹ்!" என்று கீழே போட்டார்.

"வெயில் நல்லா உள்ளுக்குப் பூந்திட்டு போல, சேர்!" என்றார் விவசாயி.

மேற்பார்வையாளருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "பிழை எங்கடதான் அண்ணன்" என்றார். வேறு குவியலிலிருந்து நன்கு முதிர்ந்த பசளையை அன்றே அவருடைய லேண்ட்மாஸ்டர் உழவு வண்டியில் ஏற்றினோம்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது: கம்பி குளிர்ந்தது என்று மட்டும் நம்பாதீர்கள். முதலில் நனையுங்கள், மூன்று நாள் பொறுங்கள், பிறகு குத்திப் பாருங்கள்.

வேண்டாம் என்று வாய் திறந்து சொல்ல எனக்கு இன்றும் கூச்சம்தான். முதிராத குவியலில் கம்பியைக் குத்தியபடியே விட்டுவிடுவேன். அது நிற்கும்வரை அந்தக் குவியலில் யாரும் மண்வெட்டி வைப்பதில்லை.