கல்லைப் படிக்காமல் இறங்கிய ஏரி

நோர்வேயின் ஒஸ்லோவில், ஹவுகன்ஸ்டுவா என்ற பகுதியில் இருபது வருடமாக இருக்கிறேன். இங்கே குளிர்காலத்தில் உறைந்த ஏரியின் மேல் நடப்பது எங்களுக்குப் பூங்காவில் நடப்பது மாதிரி. அந்தப் பழக்கம்தான் போன தை மாதம் என்னைக் கொல்லப் பார்த்தது.

ஸ்கொட்லாந்தில் இருக்கும் தங்கை சுமதி, அவளிடம் போயிருந்த என்னையும் என் மகளையும் அங்குள்ள ஏரிக்கரைக் கிராமம் ஒன்றுக்குக் கூட்டிப் போனாள். கரையில் பெயர்கள் செதுக்கிய பழைய கல்லொன்று நின்றது. மகளை அதில் சாய்ந்து நிற்கச் சொல்லிப் படம் எடுத்தேன். பிறகு வெள்ளையாக உறைந்து கிடந்த ஏரியில் இறங்கினேன்.

"அக்கா, இறங்காதையுங்கோ!" என்றாள் சுமதி.

"நோர்வேயில இருந்து வந்தவளுக்கு நீ ஐஸைப் பற்றிச் சொல்லித் தாறியோ?" என்று சிரித்துக்கொண்டே நடந்தேன்.

இருபது அடி போயிருப்பேன். காலடியில் படாரென்று சத்தம். சப்பாத்தைச் சுற்றித் தண்ணீர் ஊறியது. "அம்மா!" என்று ஓடிவரப் பார்த்த மகளைச் சுமதி இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நாயோடு வந்த உள்ளூர்ப் பெண்ணொருத்தி, படுத்து ஊர்ந்து வரும்படி ஆங்கிலத்தில் கத்தினாள். வயிறு நனைய நனைய ஊர்ந்து கரை சேர்ந்தேன்.

அந்தப் பெண் திட்டவில்லை, கரையில் நின்ற அந்தக் கல்லைக் காட்டினாள். முன்னொரு காலத்தில் எதிர்க்கரைத் தேவாலயத்துக்கு ஏரிமேல் குறுக்கே நடந்து, ஐஸ் உடைந்து இறந்த ஒன்பது பேரின் பெயர்களாம். இங்கே குளிர் நிலைப்பதில்லை, ஐஸ் தடிப்பதும் இல்லை என்றாள்.

இப்போது எங்கே போனாலும் கல்லோ பலகையோ கண்டால் முதலில் வாசிக்கிறேன், பிறகுதான் படம். மகள் சிரிக்கும் அந்தப் படம் இன்னும் போனில் இருக்கிறது. அவள் தோளுக்கு மேலே ஒன்பது பெயர்களும் தெளிவாகத் தெரிகின்றன.