குளியலறைக்குள் நின்ற ஒன்றரை மணித்தியாலம்

பிரெஞ்சுத் தலைநகரில், மார்க்ஸ் டோர்மோய்ப் பகுதியில் ஒரு வீட்டின் சின்ன அறையில் இருந்தேன். வீட்டு வாடகைப் பத்திரத்தில் என் பெயர் இல்லை. வீட்டுக்காரி ஏழு வயது மகளைத் தனியாக வளர்ப்பவள். அவள் உணவகத்தில் வேலைக்கு நிற்கும்போது பிள்ளையை நான்தான் பார்ப்பேன். பதியாத ஆள் இருப்பது தெரிந்தால் வீடே போய்விடும் என்ற பயத்தில், மணி அடித்தால் நான் ஒளிந்துவிடுவேன். ஒருவரும் இல்லை என்று சொல்லப் பிள்ளையையும் பழக்கியிருந்தோம்.

பிள்ளை அடிக்கடி பிந்தி வருவதாகப் பள்ளிக்கூடத்திலிருந்து எழுதியதால், ஒருநாள் பின்னேரம் அரசாங்கத்துச் சமூகசேவைப் பெண் வந்தாள். நான் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். பிள்ளை வாசல் கதவைத் திறந்து, பழக்கியபடியே சொன்னது. தாய் வரும்வரை ஒன்றரை மணித்தியாலம் அவள் காத்திருந்தாள். நானும் அசையவில்லை. பிள்ளையைத் தனியே விட்டிருக்கிறார்கள் என்று எழுதினாள்.

சிறுவர் நீதிபதியிடம் பிள்ளை உண்மையைச் சொன்னது. "அன்ரி குளியலறைக்குள்ளை நிண்டவ." தாய், வீடு போய்விடும் என்று, அப்படி ஒருவருமில்லை என்றுவிட்டாள். பிள்ளையைச் சிறுவர் விடுதிக்கு அனுப்பினார்கள். தாய் வந்து அழுதபடி இதைச் சொன்னபோது எனக்கு முதலில் வந்தது நிம்மதி. எழுதவே கை கூசுகிறது.

தாய் மேல்முறையீடு செய்தாள். "வீட்டிலை பெரிய ஆள் நிண்டதெண்டு காட்டினாத்தான் சரிவருமாம் எண்டு வழக்குப் பேசுற அவொக்கா சொல்லுறார்," என்றாள். நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவிக்கொண்டே நின்றேன். இரண்டு மாதம் அப்படியே போனது.

ஒருநாள் பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்தவள், "அவள் பொய் சொல்லுற பிள்ளையெண்டு அங்கை எழுதி வைச்சிருக்கினம், அன்ரி," என்றாள்.

"நான் வாறன்," என்றேன்.

மேல்நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளரும் யாழ்ப்பாணத்து ஆள்தான். எவ்வளவு நேரம் உள்ளே நின்றேன் என்று நீதிபதி கேட்டாராம்.

"அந்தச் சமூகசேவைப் பெட்டை போகுமட்டும்."

"ஒரு தும்மல்கூட வரேல்லையோ, அம்மா?" என்று மொழிபெயர்ப்பாளர் மெதுவாகத் தமிழில் கேட்டுவிட்டு, என் பதிலைப் பிரெஞ்சில் சொன்னார். நான் தலை நிமிரவேயில்லை.

சில கிழமைகளில் தீர்ப்பு வந்தது. பிள்ளையைத் திருப்பித் தந்தார்கள். வந்ததும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் என்னிடம் வந்தாள்.

"நான் பொய் சொல்லேல்லை எண்டு இப்ப அவைக்குத் தெரியுமோ?"

"ஓம். நான் சொன்னனான்."

"ஏன் முதலே சொல்லேல்லை?"

தாய் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள்.

"பயமாய் இருந்தது, பிள்ளை."

"எனக்கும்தான் அங்கை பயமாய் இருந்தது," என்றாள்.